செருப்புக்குள் இல்லாத கல்

எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பேட்டையைச் சுற்றிய அளவுக்கு நான் சுற்றியதில்லை. பதினோரு வருஷம் போர்ட் பிளேரில் இருந்தும் ஆபீஸ் உண்டு, வீடு உண்டு என்று கிடந்தவள் நான். டம்ளர்கள் அப்படியில்லை. காலையில் என் கையிலிருந்து புறப்பட்டால் சாயங்காலம் தெலுங்குக்காரர் வீட்டு ஜன்னலிலிருந்தோ, மலையாளி டெய்லர் கடை மேசையிலிருந்தோ, வங்காளி வீட்டுத் துளசிமாடத்திலிருந்தோ திரும்பி வரும். என் கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்ததால் பிழைத்தேன். தமிழ் எழுத்து தெரியாதவர்கள்கூட அந்தக் கிறுக்கலைப் பார்த்ததும் மேல் வீட்டு டம்ளர் என்று கொடுத்தனுப்பிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் காரணம், எங்கள் சந்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மனிதர். அவருக்கு நின்று டீ குடிக்கத் தெரியாது. உட்கார்ந்து குடிப்பது என்ற பேச்சே இல்லை. "தங்கச்சி, ஒரு பிளேன்டீ" என்பார். பால் ஊற்றாத டீக்கு அந்தப் பெயரை அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தார்கள். டம்ளரை வாங்கிய கையோடு நடக்க ஆரம்பித்துவிடுவார். கடைசி மடக்கு எந்த வீட்டு வாசலில் முடிகிறதோ அந்த வீட்டில் டம்ளர் இறங்கிவிடும்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுகிற மாதிரி இருக்கும். சந்தில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊருக்கெல்லாம் பானிவாலா. எங்களைப் போன்ற நாலைந்து தமிழ் வீடுகளுக்குத் தண்ணி அண்ணன்.

மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் இருக்கிற ஊரில் ஒரு டிரம் தண்ணீருக்கு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் மெயின்லேண்டில் யாரும் நம்பமாட்டார்கள். சந்து ஒரே மேடு. அடியிலிருந்து உச்சிவரை ஐந்து வால்வு. காலை ஐந்து மணிக்கு, தீவில் அதற்குள் பளிச்சென்று விடிந்திருக்கும், நெஞ்சு உயர இரும்புச் சாவியோடு வருவார். அடி வால்வைத் திறப்பார், மேலே ஏறி அடுத்ததைத் திறப்பார், கீழே இறங்கி முதலாவதை மூடுவார். கீழே மூடினால்தான் மேலே தண்ணீர் ஏறும். அந்த மேட்டை ஒரு காலைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்று அவரே எண்ணியதில்லை. உச்சி வீடு என்னுடையது. எல்லாரும் பிடித்து முடித்து ஆறு மணிக்கு எனக்கு வரும்.

மனிதர் ஒல்லி, கறுப்பு, ஐம்பது வயது இருக்கும். பேசும்போதுகூட வலது கால் இடது கால் என்று இருந்த இடத்திலேயே நடந்துகொண்டிருப்பார். அவரிடம் பேசிவிட்டு வந்தால் எனக்குக் கழுத்து வலிக்கும். கல்யாண வீடுகளில் பந்தி போய்த் தட்டை ஏந்தித் திரிகிற பழக்கம் வந்தது தனக்காகத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் "ஏலும் தங்கச்சி, ஏலும்" என்பார். முடியும் என்பதற்கு அவர் வீட்டுத் தமிழில் அந்தச் சொல். டிரம்மைத் தூக்கி வைக்க முடியுமா அண்ணே என்றால், ஏலும். சிலிண்டர் வந்தால் சொல்லிவிட முடியுமா என்றால், ஏலும். ஒரு நிமிஷம் உட்காருங்களேன் என்றால் மட்டும் காது கேட்காது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு வால்வுக்கும் வந்ததும் வலது செருப்பைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. மாட்டிக்கொண்டு நாலடி போவார், மறுபடியும் கழற்றுவார். சுத்தம் பார்க்கிற மனிதர் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் நினைத்தது இன்னொன்றும் உண்டு: இந்தக் கூத்தால்தான் எனக்குத் தண்ணீர் தாமதமாகிறது.

ஆமாம், அந்த மழைக்காலத்தில் தண்ணீர் தாமதமாக ஆரம்பித்தது. ஆறு என்பது ஆறே கால் ஆனது, ஆறரை ஆனது. ஒரு நாள் டிரம் பாதிகூட நிரம்பாமல் நின்றுபோனது. நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். மனு எழுதிப் பழகிய கை. கோபம் வந்தால் மற்றவர்களுக்கு வாய் நீளும், எனக்குப் பேனா நீளும். மூன்றாவது தடவை தாமதமானபோது தண்ணீர் சப்ளை ஆபீஸுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதினேன். தேதி போட்டு, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு, கார்பன் காப்பியோடு. இப்போது நினைத்தால் அந்தக் கையை ஒடிக்கலாம் போல வருகிறது.

ஜூனியர் இன்ஜினியர் வந்தார். எல்லாருக்கும் அவர் ஜேஈ சாப். சந்தின் அடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சாவியோடு இறங்கி வருகிறவரைப் பார்த்தார். இறங்கும்போது வலது பாதத்தை முழுசாக ஊன்றாமல் பக்கவாட்டில் வைத்து வைத்து வருவதை நாங்கள் எத்தனை மாதமாகவோ பார்த்திருக்கிறோம். பார்த்தது அவர் ஒருவர்தான். கூப்பிட்டு நிறுத்தி, கால் நொண்டுகிறதே, பேசாமல் பம்ப் ஹவுஸுக்குப் போய்விடு என்றார். அங்கே ஒரு நாற்காலி, ஒரு சுவிட்ச். காலையில் போட்டுச் சாயங்காலம் அணைக்கவேண்டும். வேறு யாராக இருந்தாலும் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நம் மனிதர் வெலவெலத்துப்போனார். ஜேஈ சாப் நல்லவர்தான். சரி, ஒரு மாசம் தருகிறேன், அதற்குள் காலைச் சரி பண்ணு. நானே ஒரு நாள் கடிகாரத்தோடு உன் பின்னால் நடப்பேன், மேல் வீட்டுக்கு ஆறு மணிக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால் நாற்காலிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு டீ கொடுத்தபோது மெதுவாகக் கேட்டேன், காலில் என்ன என்று. விரலுக்கெல்லாம் பின்னால் பாதத்தில் மேடாக இருக்கிற இடத்தைக் காட்டினார். "செருப்புக்குள்ள கல்லு ஒன்னு கெடக்கிற மாதிரியே இருக்கு தங்கச்சி. தட்டினா வுழ மாட்டேங்குது." டம்ளர் இரண்டு வீடு தள்ளியிருந்தே திரும்பி வந்தது. நல்ல நாளில் எட்டு வீடு தாண்டிப் போகும் டம்ளர்.

அவரைப் பாராமல் நான் போட்ட கையெழுத்து அவருடைய நடையையே வாங்கிக்கொண்டு போகப்போகிறது. கம்ப்ளெயின்ட் கொடுத்தது யார் என்று சந்தில் யாருக்கும் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியமில்லை. தைரியமில்லாத இடத்தில் அக்கறை வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் காலை நான் தத்தெடுத்தேன்.

அதுவரை அவரே செய்துகொண்ட வைத்தியங்களைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. முதலில் கல் இருப்பதாகத் தோன்றும் இடத்தில் செருப்பில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறார், கல் அதில் விழட்டும் என்று. நிஜக் கற்கள்தான் அதன் வழியாக உள்ளே வந்தன. அடுத்து, பழைய ஹவாய் செருப்பை ரூபாய் நாணயம் அளவுக்கு வெட்டி, வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே நாலு அடுக்கு ஒட்டியிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தது மேட்டுக்குள் இன்னொரு மேடு ஏறுகிற மாதிரி இருந்ததாம். வலி கூடியது. அடுக்கு போதவில்லை என்று ஐந்தாவது ஒட்டினார்.

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவை அளந்தார். நர்ஸம்மா என்னிடம் வந்து, இவர் எந்த டாக்டரைப் பார்க்க வந்தார், மனநல டாக்டர் அந்தப் பக்கம் என்றார். கால் டாக்டர் சென்னையிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகாதவர். பொறுமையாகப் பார்த்தார். முன்பாதத்து எலும்பெல்லாம் பாரம் தாங்கித் தாங்கிப் புண்ணாகியிருக்கிறது, இறக்கத்தில் இறங்கும்போது மொத்த எடையும் அங்கேதான் விழுகிறது, மெல்லிசு ரப்பர் செருப்பு ஆகாது, வெறுங்காலும் ஆகாது என்றார். முன்பக்கம் அகலமான, அடி தடித்த ஷூ வாங்கச் சொன்னார். மெத்தையை வலிக்கிற இடத்துக்கு அடியில் வைக்கக் கூடாது, அதற்குச் சற்றுப் பின்னால் வைக்கவேண்டும், அப்போதுதான் அந்த எலும்புகள் தூக்கிக்கொள்ளும் என்றார். ஐந்து அடுக்குக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

கெண்டைக்கால் இறுகியிருக்கிறது, தினம் சுவரைத் தள்ளுகிற மாதிரி நின்று காலை நீட்டுங்கள் என்றும் சொன்னார். கடைசியாக, நடையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். ஏலாது என்று முகமே சொன்னதால் டாக்டர் இறங்கிவந்தார். சும்மா இருக்க முடியாதவர் என்றால் நீந்துங்கள், காலில் எடை விழாது, உங்களுக்கென்ன, ஊரைச் சுற்றிக் கடல் கிடக்கிறதே என்று சிரித்தார்.

அந்த டாக்டர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வேறு யாருக்கும் அது நல்ல யோசனை. இவர் எழுந்தார், அதாவது எழுந்தே நின்றவர் வெளியே போனார்.

திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். ஜங்லிகாட் வளைவில் கடல் தெரிந்தபோது தன்பாட்டில் பேச ஆரம்பித்தார். சுனாமிக்கு முன்னால் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவராக இருந்தது எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம. நான் வெள்ளனயே மேட்டு மரத்துக்கு நடந்துட்டேன். அக்கா வாசல்ல உக்காந்து அரிசி பொடச்சிக்கிட்டு இருந்துச்சு. நீயும் வா, மேல காத்து நல்லா இருக்குன்னேன். செத்த உக்காந்துட்டு வர்றேன்னுச்சு." பஸ் நின்று கிளம்பியது. "உக்காந்திருந்தவங்க ஒருத்தரும் இல்ல தங்கச்சி. நடந்தவன் மட்டும் இருக்கேன். மத்ததெல்லாம் செய்வோம். கடல்ல எறங்க மட்டும் எனக்கு ஏலாது."

அவர் வாயில் ஏலாது என்ற சொல்லை அப்போதுதான் முதல் தடவை கேட்டேன். அதற்குப் பிறகு கடலைப் பற்றி நானும் பேசவில்லை, உட்காரச் சொல்லியும் வற்புறுத்தவில்லை. உட்காராமல் ஓய்வெடுக்க ஒரு வழி கண்டுபிடிக்கவேண்டியதாயிற்று.

ஷூ வாங்கப் போன கதை தனி. ஜங்லிகாட் கடையில் முக்காலி போட்டார்கள். நின்றபடியே மாட்டினார். நடந்து பாருங்கள் என்று கடைக்காரர் சொன்னது தப்பு. கடையை விட்டு இறங்கி, சாலையைக் கடந்து, மீன் மார்க்கெட் பக்கம் போய்விட்டார். கடைக்காரர் பின்னால் ஓடினார், நான் அவருடைய பழைய செருப்போடு கடையில் பிணையாக நின்றேன். வந்ததும் வேறொரு ஜோடி மாட்டி, அதோடும் ஒரு சுற்று. மூன்றாவது ஜோடிக்குக் கடைக்காரரே முன்னால் நடந்து வழிகாட்டினார்.

சுவர் தள்ளுகிற பயிற்சியை டாக்டர் சொன்னதைவிடப் பத்து மடங்கு செய்தார். போகிற வழியில் வந்த சுவரெல்லாம் அவருக்கு ஒத்தாசை. எனக்குக் கீழ் வீடு பலகையும் தகரமும் வைத்துக் கட்டியது. அதில் இருந்த வங்காளி அம்மாவைச் சந்து முழுக்க மாஷி என்று கூப்பிடும், சின்னம்மா மாதிரி. ஒரு நாள் காலையில் தண்ணி அண்ணன் அந்தப் பலகைச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினார். உள்ளே அலமாரியில் தட்டெல்லாம் கிலுகிலுத்தது. மாஷி பூகம்பம் என்று அலறிக்கொண்டு பாதிப் பின்னலோடு வெளியே ஓடிவந்தார். அவரைப் பார்த்துத் தெலுங்கு வீடு ஓடிவந்தது, அதைப் பார்த்து டெய்லர் ஓடிவந்தார். சுனாமி முடிந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது, தரை லேசாக ஆடினாலும் நாங்கள் அப்படித்தான் ஓடுவோம். எல்லாரும் வெளியே வந்து பார்த்தால் ஒரு மனிதர் வீட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார். மாஷி இந்தியிலும் வங்காளத்திலுமாகப் பொழிந்து தள்ளினார். அதற்குப் பிறகு தள்ளுவதற்கு முன்னால் குரல் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று.

அந்த ஓட்டத்தில்தான் சந்துக்கெல்லாம் அவர் கால் விஷயம் தெரிந்தது. வலி அதிகமான நாட்களில் கீழ் வால்வை மூட அவர் இறங்கி வரவேண்டாம் என்று டெய்லரும் மாஷியும் முறை போட்டுக்கொண்டார்கள். மாஷி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாவியைத் திருகுவதைப் பார்க்க நான் ஆபீஸுக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் ஒரு முக்காலியும் போட்டார்கள். அவர் அதில் சாவியைச் சாய்த்து வைத்தார்.

ஆனால் ஷூவுக்குள் மெத்தை சரியான இடத்தில் உட்காரவில்லை. ஒரு விரல் அகலம் முன்னால் போனாலும் பழைய கல் வந்துவிடுகிறது. டாக்டரிடம் மறுபடி கேட்டபோது, பாதத்தில் ஏதாவது சாயம் தடவி மிதிக்கச் சொல்லுங்கள், அழுந்தப் பதிகிற இடம் தெரியும் என்றார். மாஷி வீட்டில் ஆல்தா இருந்தது, வங்காளிப் பெண்கள் பண்டிகைக்குப் பாதத்தில் பூசிக்கொள்கிற சிவப்புச் சாயம். மறுநாள் லட்சுமி பூஜை. மாஷி தரையைக் கழுவி அரிசி மாவில் வாசலிலிருந்து பூஜை மாடம்வரை சின்னச் சின்னப் பாதங்கள் வரைந்திருந்தார். பாட்டிலைக் கொடுத்து, தீர்த்துவிடாதே, பத்திரமாகத் திரும்பிக் கொண்டுவா என்றார்.

என் வாசல் படியில் அவர் நின்றபடி காலைத் தூக்க, மாஷியின் பஞ்சால் நானே பூசினேன். பழைய பேப்பரில் மிதித்தார். இரண்டாவது மூன்றாவது விரலுக்குப் பின்னால் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அந்த மாயக் கல்லை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தோம். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு கத்தரிக்கோலைத் தேட உள்ளே போய் வருவதற்குள், பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று மனிதர் கிளம்பிவிட்டார். இறக்கத்தில் சிமெண்டில் பளிச்சென்று சிவப்புப் பாதங்கள். மாஷி வீட்டுப் படியேறி, வாசல் தாண்டி, மாவுப் பாதங்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில், பூஜை மாடத்துக்கு நேராக.

பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பியவரை மாஷி வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தார். லட்சுமியின் பாதம் உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது. பூஜைக்கு முதல் நாள் சிவப்புக் காலோடு ஒருத்தர் வீட்டை விட்டு வெளியே நடந்தால் அந்த வீட்டில் அப்புறம் என்ன தங்கும்? பின்வாசலும் கிடையாது, பின்னால் மேடு. சாயம் காயும்வரை இங்கேதான். பலகையைப் போட்டு, "பைட்டோ" என்றார், இந்தியில் உட்கார் என்று.

அவர் என்னைப் பார்த்தார். நான் மாஷியைப் பார்த்தேன். மாஷிக்குக் கச்சாலும் தெரியாது, அக்காவும் தெரியாது. "பைட்டோ, பானிவாலா" என்று மறுபடி சொன்னார், இந்தத் தடவை பிள்ளையிடம் சொல்கிற மாதிரி.

அவர் உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, பாதத்தைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு. மழைக்காலத்தில் ஆல்தா லேசில் காயாது. நெற்றியில் வேர்த்தது. முழங்கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, வெளிய பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். தகரக் கூரைகளுக்கு நடுவே ஜங்லிகாட் பக்கம் கைக்குட்டை அகலத்துக்குக் கடல் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒன்னும் இல்லையே?"

"ஒன்னும் இல்லண்ணே. அப்படியே இருக்கு."

கொஞ்சம் விட்டு மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். இருபது நிமிஷம் ஓடியது. அதற்குள் அவருடைய ஷூவை எடுத்துவந்து, பேப்பரைப் பார்த்து அளந்து, மெத்தையைச் சிவப்பு வட்டத்துக்கு ஒரு விரற்கடை பின்னால் வைத்து ஒட்டியிருக்கலாம். நான் வாசலை விட்டு நகரவில்லை. அதைச் சாயங்காலம் செய்தேன்.

மறுநாள் பூஜைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெரிய பாதங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாஷி அசரவில்லை. எங்கள் வீட்டு லட்சுமி பத்தாம் நம்பர் செருப்பு போடுகிறவள், தண்ணீரோடு வருகிறவள் என்று எல்லாருக்கும் நாரு என்கிற தேங்காய் உருண்டையை எடுத்துக் கொடுத்தார். அந்த வாரம் டம்ளர் ஆறாவது வீட்டிலிருந்து வந்தது. டம்ளர் கணக்கு நான் வைத்திருப்பதை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். அப்படியா, ஆறா என்று விழுந்து விழுந்து சிரித்தார், நடந்துகொண்டே.

மாசம் முடிந்தது. ஜேஈ சாப் சொன்னபடி ஐந்து மணிக்குக் கடிகாரத்தோடு வந்துவிட்டார். அன்றைக்கு யாரும் உதவக் கூடாது. மாஷி சேலையைச் செருகின கையோடு வாசலில் நின்று பார்த்தார். இறக்கத்தில் நேராக இறங்காமல், ஓரத்துக்கு ஓரம் சாய்ந்து சாய்ந்து நம் மனிதர் இறங்கினார், பாரம் முன்னால் சரியாமல் இருக்க அவரே கண்டுபிடித்த வழி. ஜேஈ சாப் நேராக ஏறி நேராக இறங்கினார். இரண்டாவது வால்வில் கைக்குட்டையை எடுத்தார். மூன்றாவதில், எங்கள் முக்காலி சும்மா இருப்பதைப் பார்த்து உட்கார்ந்தார். நாலாவதிலும் உட்கார்ந்தார். இவர் பக்கத்தில் இருந்த இடத்திலேயே நடந்தபடி, போகலாமா சாப் என்று காத்திருந்தார்.

என் குழாயில் ஆறு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது தண்ணீர் வந்தது. எனக்குக் கண்ணில் வந்தது. ஜேஈ சாப் என் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, பாஸ் என்று அவர் முதுகில் தட்டினார். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, நிறைந்த மனசோடு என்னைப் பார்த்துக் கேட்டார், கம்ப்ளெயின்ட் எழுதிய மேடம் நீங்கள்தானே, இப்போது திருப்தியா என்று.

தண்ணி அண்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து வலது ஷூவைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டினார். மாட்டிக்கொண்டு, "பிளேன்டீ இருக்கா தங்கச்சி?" என்றார். கொடுத்தேன். டம்ளரோடு இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் டம்ளர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எட்டு வீட்டிலும் கேட்டேன், எட்டு வீட்டைத் தாண்டியும் கேட்டேன். எங்காவது வீசி எறிந்திருப்பார், எறியட்டும், நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டால் ஆயிற்றா? என் பெயர் போட்ட காகிதம் ஒன்று அவர் ஆபீஸில், என் பெயர் வெட்டிய டம்ளர் ஒன்று எங்கேயோ.

அடுத்த முறைத் தண்ணீர் நாளில் ஆறுக்குச் சரியாகக் குழாய் ஓடியது. சாவியோடு வந்து நின்றார், அதாவது நடந்தார். டம்ளர் எங்கேண்ணே என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"டம்ளரு பத்துபஸ்தியில இருக்கு. ஏர்போட்டத் தாண்டி நம்ம தமிழாளு டீக்கட. போய் வாங்கிக்கங்க." இரண்டடி போய்த் திரும்பினார். "பஸ்ஸுல போகக் கூடாது. நடந்து போகணும்."

முடியுமா என்று நான் யோசிப்பதைப் பார்த்து, "ஏலும், ஏலும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆபீஸுக்குப் போடுகிற மெல்லிசுச் செருப்பு. எங்கள் மேட்டை இறங்கி, கடைத்தெருவைத் தாண்டி, விமான நிலையத்துச் சுவரை ஒட்டி, ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. பாதி வழியிலேயே முன்பாதம் கணகணவென்று எரிய ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு தூரம் அந்தக் காலோடு கையில் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே கழுவித் துடைத்த டம்ளரை எடுத்து வைத்தார். பெயரைப் படித்துக் காட்டி, நீங்கள்தானே என்றார். ஒரு டீயும் போட்டார்.

"குடிச்சிட்டு அப்படியே வந்துட்டேன்னாரு. மேல் வீட்டுத் தங்கச்சி தேடிக்கிட்டு வரும், இதுவரைக்கும் வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கன்னாரு. வேற ஒன்னும் சொல்லல."

பெஞ்சில் உட்கார்ந்தேன். வலது பாதத்தில், விரல்களுக்குப் பின்னால், ஏதோ உறுத்தியது. செருப்பைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை.